தீபாவளி கழியட்டும்

ஈரோட்டுக் கனி மார்க்கெட்டில் வாரச் சந்தை கூடும் இரவுகளில் துணி மூட்டைகளோடு சேர்ந்து ஒரு வாக்கியமும் கை மாறும். "தீபாவளி கழியட்டுங்கண்ணா, மொத்தமாப் பண்ணிடறனுங்க." எதிரே இருப்பவரும் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார். பத்து வருடப் பழக்கம், போன வருடம் மகள் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர், எப்படி மறுப்பது? தீபாவளி கழியும், தை பிறக்கும், சித்திரையும் வரும். கடன்காரரிடம் முகம் கொடுத்துப் பேசியே ஒரு வருடம் ஓடிவிடும். பிறகு ஒரு நாள் பொறுமை போய் வக்கீலைப் பார்க்கப் போனால், அவர் தொகையைக் கேட்பதற்கு முன்னால் தேதியைக் கேட்பார்.

அந்தத் தேதியில்தான் வழக்கு நிற்பதும் விழுவதும். கடன் உண்மை, சரக்குக் கொடுத்தது உண்மை, செக் திரும்பியது உண்மை. ஆனாலும் குறித்த நாளுக்குள் குறித்த காகிதம் போகவில்லை என்றால், உண்மை அத்தனையும் கையில் இருந்தும் ஒரு வழி அடைபட்டுப் போகும். இதில் நெஞ்சை உறுத்துவது ஒன்றுதான்: அடாவடியாக வசூலிப்பவர்கள் இப்படி ஏமாறுவதில்லை. மனிதாபிமானத்தோடு காத்திருந்தவர்கள்தான் ஏமாறுகிறார்கள். எந்தக் கெடு எப்போது ஓடத் தொடங்குகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

செக் ரிட்டர்ன் வழக்கிலிருந்தே தொடங்கலாம். நாட்டில் கீழ்க் கோர்ட்டுகளை அதிகம் நிரப்பியிருக்கும் வழக்கு வகைகளில் அதுவும் ஒன்று. 2019 டிசம்பர் 31 நிலவரப்படி நாடு முழுவதும் நிலுவையில் இருந்த குற்ற வழக்குகள் 2.31 கோடி, அவற்றில் 35.16 லட்சம் செக் வழக்குகள். 2021 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தன் தீர்ப்பில் குறித்த கணக்கு இது.

செக் திரும்புவது ஒரு காலத்தில் குற்றமே அல்ல. ஏமாற்றும் நோக்கத்தோடு கொடுத்தார் என்று நிரூபித்தால்தான் குற்ற வழக்கு. மற்றபடி பணம் வராதவர் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதான். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-ல் வந்தது. அதில் 138-வது பிரிவு சேர்ந்து நடைமுறைக்கு வந்ததோ 1989 ஏப்ரல் 1-ல்தான். கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால் கொடுத்தவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அந்தச் செக் ஒரு கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு கொடுத்தவருடையது. பணம் வர வேண்டியவருக்கு இவ்வளவு சாதகமான சட்டம் வேறு அதிகமில்லை. அந்தச் சாதகத்துக்கு ஈடாகத்தான் நாட்கணக்கில் இவ்வளவு கறார்.

கணக்கைத் தேதி போட்டே பார்த்துவிடலாம். ஒருவர் ஜனவரி 5 தேதியிட்ட செக் ஒன்றை வாங்குகிறார். ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரல் 1 முதல் செக்கின் ஆயுளை ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைத்துவிட்டதால், ஏப்ரல் தொடக்கத்துக்குள் அதை வங்கியில் போட்டாக வேண்டும். அவர் மார்ச் 10-ல் போடுகிறார். பணம் இல்லை என்ற ரிட்டர்ன் மெமோ மார்ச் 12-ல் கைக்கு வருகிறது. அன்றிலிருந்து 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 11-க்குள், பணத்தைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவர் மார்ச் 20-ல் அனுப்பி, அது 24-ம் தேதி எதிராளி கையில் கிடைத்தால், அவருக்குப் பணம் கட்ட 15 நாள், ஏப்ரல் 8 வரை உண்டு. அதற்குள் கட்டிவிட்டால் குற்றமே இல்லை. கட்டாவிட்டால் 9-ம் தேதி வழக்குப் போடும் உரிமை பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுத்துவிட வேண்டும். கடைசி நாள் கோர்ட்டு விடுமுறையாக இருந்தால் திறக்கும் முதல் நாளில் கொடுக்கலாம்.

இதில் மூன்று கெடுக்கள் இருக்கின்றன. மூன்றும் ஒரே மாதிரியானவை அல்ல. புகார் கொடுக்கும் ஒரு மாதக் கெடு தவறினால், தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க 2003-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இடம் கொடுத்தது. நோட்டீஸ் அனுப்பும் 30 நாளுக்கு அந்தச் சலுகை கிடையாது. 31-வது நாள் அனுப்பிய நோட்டீஸ் வெறும் காகிதம். அவசரப்பட்டாலும் ஆபத்து: எதிராளியின் 15 நாள் முடியும் முன்பே கொடுத்த புகார் சட்டத்தின் கண்ணில் புகாரே அல்ல என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது.

"முதல் தடவை திரும்பினப்போ நோட்டீஸ் விடலையே, எல்லாம் போச்சா?" என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு பதிலாக இருக்கிறது. எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் என்ற நிறுவனத்துக்கு 1996 ஆகஸ்ட் 14 தேதியிட்ட நான்கு செக்குகள், மொத்தம் 10 லட்சம் ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டிருந்தன. நவம்பரில் போட்டபோது பணமில்லாமல் திரும்பின. நிறுவனம் அப்போது வழக்குக்குப் போகவில்லை. 1997 ஜனவரியில் மறுபடி போட்டது, மறுபடியும் திரும்பின. இம்முறை நோட்டீஸ் அனுப்பி வழக்குத் தொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. ஒரு செக்குக்கு ஒரே ஒரு தடவைதான் வழக்குரிமை பிறக்கும் என்று 1998-ல் வந்திருந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்கு அடிப்படை. 2012 செப்டம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்தப் பழைய தீர்ப்பையே தவறு என்று தள்ளியது. செக்கின் ஆயுளுக்குள் எத்தனை முறையும் போடலாம், கடைசியாகத் திரும்பியதை வைத்தும் வழக்குத் தொடுக்கலாம் என்பதுதான் இன்றைய நிலை. "கொஞ்சம் பொறுங்க, பணம் போட்டுடறேன்" என்று கேட்டவருக்கு இடம் கொடுத்த பலரைக் காப்பாற்றிய தீர்ப்பு இது. ஆனால் செக் கொடுக்கப்பட்டதற்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே 16 ஆண்டு ஓடியிருந்தது. அன்றைக்கு ஆறு மாத ஆயுள் இருந்த செக்குக்கு இன்று மூன்றே மாதம் என்பதால் பொறுமைக்கான இடமும் பாதியாகக் குறைந்துவிட்டது.

நோட்டீஸை யார் வேண்டுமானாலும் எழுதலாம், வக்கீல்தான் எழுத வேண்டும் என்றில்லை. ஆனால் அதில் ஓர் எண் தவறக் கூடாது. செக்கில் 1 கோடி, நோட்டீஸில் 2 கோடி என்று அச்சாகியிருந்த ஒரு வழக்கு 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. தட்டச்சுப் பிழைதான் என்ற வாதம் எடுபடவில்லை. செக் தொகை எதுவோ அதை அப்படியே கேட்டிருக்க வேண்டும் என்பதில் கோர்ட்டு இளகவே இல்லை.

இதைவிட அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. 20 லட்சத்துக்குச் செக் வாங்கி வைத்திருக்கிறார் ஒருவர். நடுவில் எதிராளி 4 லட்சத்துச் சொச்சத்தை வங்கி வழியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகும் 20 லட்சத்துக்கான அதே செக்கைப் போட்டு, 20 லட்சத்தையே கேட்டு நோட்டீஸ் அனுப்பினார் முதலாமவர். 2022-ல் உச்ச நீதிமன்றம் எதிராளியை விடுவித்தது சரி என்றது. செக் வங்கிக்குப் போன நாளில் அவ்வளவு பாக்கி இல்லையே! நடுவில் பணம் வந்திருந்தால் அதைச் செக்கிலேயே குறித்து மீதிக்குப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மீதித் தொகைக்குப் புதுச் செக் வாங்கியிருக்க வேண்டும். அப்பப்போ கொஞ்சம் கொஞ்சமாக வசூலிக்கும் நம் ஊர்க் கடைகளில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்?

நோட்டீஸை எதிராளி வாங்க மறுத்தால், கதவு பூட்டியிருந்தால்? சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் போயிருந்தால் சேர்ந்ததாகவே கருதலாம் என்று 2007-ல் கோர்ட்டு சொல்லிவிட்டது. உண்மையிலேயே கிடைக்கவில்லை என்று சொல்பவர், சம்மன் வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டித் தப்பலாம் என்ற வழியும் அதே தீர்ப்பில் இருக்கிறது. 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. பெயர் எதுவானாலும் ரசீதும் சேர்ந்ததற்கான சான்றும் கையில் இருக்க வேண்டும்.

செக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் பேசாமல் விடுவது நியாயமாகாது. அவசரத்துக்குக் கடன் வாங்கும்போது தொகை எழுதாத, கையெழுத்து மட்டும் போட்ட செக்கை ஈடாகக் கொடுத்துவிடுவது இங்கே சாதாரணம். வெற்றுச் செக்கில் பிறகு யாரோ தொகையை நிரப்பினார்கள் என்பது மட்டுமே தப்பிக்கப் போதாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால் சட்டத்தின் அனுமானம் எழுந்து நிற்கும். ஆகவே இவர்களுக்கும் நாட்கணக்கு முக்கியம். நோட்டீஸ் வந்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டாமல், வாங்கியது எவ்வளவு, திருப்பியது எவ்வளவு என்று 15 நாளுக்குள் எழுத்தில் பதில் அனுப்பினால் பிற்பாடு சொல்லும் எதிர்வாதத்துக்குக் கால் இருக்கும். பதிலே அனுப்பாமல் இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் ஏறி முதன்முறையாகச் சொல்லும் கதையை நம்புவது எந்த நீதிபதிக்கும் கடினம். அநியாய வட்டி என்றால் 2003-ம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் தனியே இருக்கிறது. சமாதானமாகப் போக நினைப்பவர் எவ்வளவு சீக்கிரம் போகிறாரோ அவ்வளவு லாபம். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, தன் தரப்புச் சாட்சியம் தொடங்கும் முன் பணத்தைக் கட்டிச் சமரசமானால் கூடுதல் செலவு எதுவுமில்லை. அதன் பிறகு தீர்ப்புக்கு முன் என்றால் செக் தொகையில் 5 சதவீதம், செஷன்ஸ் அல்லது உயர் நீதிமன்றம் வரை இழுத்தால் 7.5, உச்ச நீதிமன்றம் வரை போனால் 10.

சமரசச் செலவை வகுத்த அதே தீர்ப்பு இன்னொரு குழப்பத்தையும் தீர்த்தது. 20,000 ரூபாய்க்கு மேல் கடனை ரொக்கமாகக் கொடுத்தது வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம், ஆகவே அந்தக் கடனே செல்லாது என்று வாதாடிச் சிலர் தப்பி வந்தார்கள். வரித் துறை அபராதம் போடலாம், அது தனிக் கதை. கடன் கடன்தான் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

செக் வழக்கின் 30 நாள் போய்விட்டால் பணமே போய்விட்டது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள் பலர். போனது ஜெயில் பயம் காட்டும் வழி ஒன்றுதான். சிவில் கோர்ட்டில் பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு இருக்கிறது. இந்த மூன்று ஆண்டு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் அடுத்த சறுக்கல். கேட்டபோது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். கேட்ட தேதியிலிருந்து அல்ல. தவணை குறிக்காமல் கடனுக்குக் கொடுத்த சரக்கு என்றால் சரக்குப் போன நாளிலிருந்து. தவணை குறித்திருந்தால் அந்தத் தவணை முடிந்த நாளிலிருந்து.

நம் பெரியவர்கள் புரோநோட்டின் பின்புறத்தில் வரவு வைத்து வந்தார்களே, அந்தப் பழக்கத்துக்குள் 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வட்டியோ அசலோ ஒரு சிறு தொகை கொடுத்து, கொடுத்தவர் தன் கையால் எழுதினாலோ கையெழுத்துப் போட்டாலோ அன்றிலிருந்து புது மூன்று ஆண்டு பிறக்கும். பணமே கொடுக்காமல் "இவ்வளவு பாக்கி இருப்பது உண்மை" என்று எழுதிக் கையெழுத்திட்டாலும் அப்படியே. இரண்டும் பழைய மூன்று ஆண்டு முடிவதற்குள் நடந்திருக்க வேண்டும். கடன் கொடுத்தவரே தன் நோட்டில் வரவு எழுதிக்கொண்டால் அது செல்லாது. கடன் காலாவதியான பிறகும் ஒரு கதவு உண்டு: பழைய கடனைத் தருகிறேன் என்று வாங்கியவர் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டம் அதைச் செல்லும் வாக்குறுதியாக ஏற்கிறது. எழுத்தில் என்பதுதான் முக்கியம். வாய்ச்சொல்லுக்கு அங்கே இடமில்லை. ஆகவே தீபாவளி வரை பொறுக்கலாம், தாராளமாகப் பொறுக்கலாம். பொறுப்பதற்கு முன், பாக்கித் தொகையும் தேதியும் போட்ட ஒரு சீட்டில் எதிராளியின் கையெழுத்து விழுந்துவிட்டால் போதும். பழக்கம் கெடும் என்று இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கையெழுத்துக் கேட்டுக் கெட்ட பழக்கங்களைவிட, கேட்காமல் விட்டுக் கோர்ட்டில் கெட்ட பழக்கங்கள் அதிகம்.

இப்போது பாக்கிப் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான். அதுவும் சாட்சியம்தான். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் கேட்கும் சான்றிதழோடு கொடுக்க வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டால் பிற்பாடு திண்டாட்டம்தான்.

திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட்டுகளின் கதை வேறு. சாயம், பிரிண்டிங், எம்பிராய்டரி, ஸ்டிச்சிங் என்று வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, பெரிய கம்பெனியிடம் 90 நாள், 120 நாள் என்று காத்திருப்பவர்கள் இவர்கள். அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயம் வாயைக் கட்டிவிடும். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம் இவர்களுக்காகவே எழுதப்பட்டது. ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டியாக.

இந்தச் சட்டத்தில் அதிகம் பேர் அறியாத, ஆனால் அறிய வேண்டிய ஒரு வரி இருக்கிறது. பணம் கேட்கும்போதுதான் "போன லாட்டில் டேமேஜ் இருந்தது, கழிச்சுக்கறோம்" என்ற பேச்சு வரும், அதுவும் நான்கு மாதம் கழித்து. சட்டப்படி, சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையென்றால், சரக்கு வந்த நாளிலேயே அவர் அதை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். 45 நாளும் அன்றிலிருந்தே எண்ணப்படும். நான்கு மாதம் கழித்து வந்த டேமேஜ் கதைக்கு இதுவே பதில். டெலிவரி சலானில் தேதியும் வாங்கியவர் கையெழுத்தும் சீலும் இருக்கிறதா என்று அன்றன்றே பார்த்துக்கொண்டவருக்குத்தான் இந்தப் பதில் பயன்படும்.

பணம் வராதவர் மாநில அரசு அமைத்திருக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனுச் செய்யலாம். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று மண்டலவாரியாகத் தமிழ்நாட்டில் இவை இருக்கின்றன. கவுன்சில் முதலில் சமரசம் பேசும். ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக விரும்பும் கம்பெனி, தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். சிறு தொழில் என்று அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு இதற்கு அடிப்படை. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. சரக்குக் கொடுத்த பிறகு பதிவு செய்துகொண்டால் பழைய பாக்கிக்குச் செல்லாது என்று 2021, 2022 தீர்ப்புகள் சொல்லின. 2025 ஜனவரியில் இந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. விடை எப்படி வந்தாலும் முதல் பில் போடும் முன் பதிவு செய்துகொண்டவருக்குக் கவலை இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் உத்யம் பதிவு கிடைக்கும், ஆனால் அது வங்கிக் கடனுக்குத்தான் உதவும். பணம் வசூலிக்கும் இந்தப் பாதுகாப்பு தயாரிப்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் உரியது. கனி மார்க்கெட் வியாபாரிக்கு இந்தக் கதவு திறக்காது. அவருக்குத் துணி நெய்து கொடுத்த விசைத்தறிக்காரருக்குத் திறக்கும்.

கவுன்சிலில் மூன்று ஆண்டுக் கெடு உண்டா? 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொன்னது: சமரசப் பேச்சுக்குக் காலாவதி தடையில்லை, நடுவர் தீர்ப்புக்கு உண்டு. பழைய பாக்கியைப் பேசி வாங்கப் பார்க்கலாம், கட்டாயப்படுத்தி வாங்க முடியாது என்று புரிந்துகொள்ளலாம்.

கம்பெனிகளை இப்போது பில்லை நேரத்தில் தீர்க்க வைப்பது கவுன்சிலைவிட வரிக் கணக்குதான். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதை அந்த 15 நாள், 45 நாள் கெடுவுக்குள் தராவிட்டால், தந்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மார்ச் மாதம் நெருங்கும்போது ஆடிட்டரே பாக்கிப் பட்டியலைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார். பில்லின் மேல் உத்யம் எண்ணை அச்சடித்து வைப்பது இதற்காகவே நல்லது.

தொழிலாளிக்கு இந்த நாட்கணக்கு இன்னும் கடுமை, ஏனென்றால் அவர் நாட்களே முதலாளியின் பதிவேட்டில்தான் இருக்கின்றன. இரண்டு ஆண்டில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாடு 1981-லேயே சட்டம் செய்தது. அந்தக் கணக்கு நிறையாமல் இருக்கப் பதிவேட்டில் இடைவெளி விடுவதும், ஒப்பந்தக்காரர் பெயரை மாற்றுவதும் பழைய தந்திரம். பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, பஸ் பாஸ் எல்லாம் அன்றைக்குச் சாட்சியாகும்.

கிராஜுவிட்டியை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு முடிந்தால்தான் என்று எல்லோருக்கும் தெரியும். நான்கு ஆண்டு முடித்து ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதுவே ஐந்து ஆண்டுத் தொடர் பணி என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1990-களிலேயே சொல்லியிருப்பது பலருக்குத் தெரியாது. நான்கு ஆண்டு பத்து மாதத்தில் விலகியவர் கிடைக்காது என்று கேட்காமலே போய்விடுகிறார். கணக்கு எளிது: கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும்; அது ஓர் ஆண்டுக்கு. 13,000 சம்பளம் என்றால் ஆண்டுக்கு 7,500. பத்து ஆண்டுக்கு 75,000. விலகிய 30 நாளுக்குள் முதலாளி தர வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேரும்.

2025 நவம்பர் 21-ல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது சில கெடுக்கள் தொழிலாளிக்குச் சாதகமாகவும் சில பாதகமாகவும் மாறின. வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துச் சம்பளம் தர வேண்டும். தராத சம்பளத்தைக் கேட்க முன்பு ஆறு மாதம், ஓராண்டு என்றிருந்த கெடு மூன்று ஆண்டாக நீண்டிருக்கிறது. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி உண்டு. நியமனக் கடிதம் எல்லோருக்கும் கட்டாயம். ஆனால் வேலை நீக்கத்தை எதிர்த்துத் தகராறு எழுப்ப மூன்று ஆண்டு இருந்தது இரண்டு ஆண்டாகச் சுருங்கிவிட்டது. ஆலை வாசலில் நிறுத்தப்பட்டு, "கூப்பிடுறோம், வீட்டுல இருங்க" என்ற சொல்லை நம்பி உட்கார்ந்திருப்பவரின் நாட்கள்தான் இதில் கரைகின்றன. அதைவிட மோசம், பாக்கிச் சம்பளம் வேண்டுமென்றால் இதில் கையெழுத்துப் போடு என்று நீட்டப்படும் ராஜினாமாக் கடிதம். அதில் ஒரு கையெழுத்து விழுந்தால் நீக்கம் விலகலாகிவிடும். பிறகு எந்தக் கெடுவும் துணைக்கு வராது.

வாடகை வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அட்வான்ஸை மூன்று மாத வாடகையோடு நிறுத்தச் சொல்கிறது. வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவும் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சென்னைவாசிகள் பலர் இதை நம்புவதே இல்லை. சாவி கொடுத்த தேதியை ஒரு செய்தியிலாவது குறித்து அனுப்பி வைத்தால் அந்த ஒரு மாதம் எங்கே தொடங்கியது என்பதில் தகராறு வராது.

சாலை விபத்து இழப்பீட்டு மனுவுக்கு 1994 முதல் கெடுவே இல்லாமல் இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதம் என்று வந்துவிட்டது. கட்டுப் பிரிக்கவே ஆறு மாதமாகும் காலொடிந்தவருக்கும், குடும்பத் தலைவரை இழந்து கருமாதி முடித்து எழுந்திருக்காத வீட்டுக்கும் அது கொடுமையான கணக்கு. அந்தக் கெடுவை எதிர்த்த வழக்கில், தாமதம் என்று மட்டும் சொல்லி மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. இறுதித் தீர்ப்பு எப்படியும் வரலாம் என்பதால் ஆறு மாதத்துக்குள் மனுவைக் கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு.

இத்தனைக்கும் வக்கீல் வைக்க வசதி வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகா அளவிலும் குழுக்கள் உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். திண்டுக்கல் பக்கம் நூற்பாலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணோ, கணவரின் புரோநோட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு விதவைத் தாயோ அங்கே மனு எழுதிக் கொடுத்தால் போதும், தனியாகக் கட்டணம் இல்லை. லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் தீர்ந்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அந்தத் தீர்ப்புக்கு மேல் அப்பீல் இல்லை, ஆகவே வாய்தா வாய்தாவாக அலைய வேண்டியதும் இல்லை.

போகும்போது ரிட்டர்ன் மெமோ, புரோநோட்டு, சலான், சம்பளச் சீட்டு எது இருக்கிறதோ அதை எடுத்துப் போக வேண்டும். தபாலில் வந்த கடிதமாக இருந்தால் உறையையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டும். கடிதத்தைப் பத்திரப்படுத்திவிட்டு உறையைக் கிழித்துப் போடுபவர்களே அதிகம். தபால் முத்திரைத் தேதி அந்த உறையின் மேல்தான் இருக்கிறது.